எட்டு மணிக்கு எழும் மேடு

என் அன்பு மகனுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் பேசலாம். அம்மா நன்றாக இருக்கிறேன். நீ கட்டிவிட்டுப் போன வாட்ச் இதை எழுதும்போதும் என் இடது மணிக்கட்டில்தான் இருக்கிறது. அடியில் அந்தப் பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டு என் ரத்தத்தை வேடிக்கை பார்க்கிறது. இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்த பிறகு அதைக் கழற்றப்போகிறேன். சொல்லாமல் கழற்றினால் உன் போனில் நான் செத்துப்போனவள் ஆகிவிடுவேன். நீ ஊரைக் கூட்டிவிடுவாய். ஏற்கனவே ஒரு தடவை கூட்டியவன்தானே. அதனால்தான் போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் வீட்டிலிருந்து பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லிப் பார்த்தேன் தம்பி. நான் கோபமாகப் பேச ஆரம்பித்தால் உன் பக்கத்தில் எண் ஏறிவிடுகிறது. "அம்மா, நூத்தி எட்டு காட்டுது. மொதல்ல மூச்ச இழுத்து விடு, அப்புறம் பேசுவோம்" என்கிறாய். பெற்ற பிள்ளையிடம் ஒரு சண்டைகூட முழுதாகப் போட முடியாத நிலைமைக்கு வந்துவிட்டேன். தாளில் எழுதினால் நீ நடுவில் புகுந்து மூச்சு விடச் சொல்ல முடியாது. இந்த நிமிஷம் என் நாடி ஏறுவதை அங்கே பார்த்துக்கொண்டிருந்தால் தாராளமாகப் பார். எதற்கு ஏறுகிறது என்று இந்தக் கடிதம் வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டிரு.

எனக்கு உன்மேல் மனத்தாங்கல் ஏதும் கிடையாது. அந்த வாட்ச் எந்த நாளில் கிளம்பி என் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு வங்காளிக்காரி, நம் பௌதி, ஓடிப்போய் ஆட்டோவை அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குப் போன் போட்டபோது அன்றைக்கு இந்தப் பக்கம் வரவேண்டிய விமானங்களெல்லாம் வந்து போயிருந்தன. சென்னை ஏர்போர்ட் பெஞ்சில் கிடந்துவிட்டு மறுநாள் வந்தாய். மெயின்லேண்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு. நடுவில் கடல் கிடக்கிறது, நினைத்த நேரத்துக்குத் தாண்ட முடியாது. வந்த நீ அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்து, "நேத்து ஏதாவது தெரிஞ்சுச்சாம்மா? வேர்த்துச்சா? மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டாய். காரியம் முடிகிறவரை வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த தடவை வந்தபோது வாட்ச்சோடு வந்தாய்.

பொய் சொல்வானேன், ஆரம்பத்தில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கவனிக்க ஒன்று வந்துவிட்டது. பௌதியிடம் கையை நீட்டிக் காட்டி, "மேரா பேட்டா உதர் ஸே தேக்தா ஹை" என்று பீற்றிக்கொண்டேன், என் மகன் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொள்கிறான் என்று. அவளும் தன் மகனிடம் ஒன்று கேட்டு வாங்கப்போவதாகச் சொன்னாள். நல்லவேளை, அவன் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னெல்லாம் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவாய். என்ன மீன் வாங்கினாய், குழாயில் தண்ணீர் வந்ததா, எந்தக் கப்பலை ரத்து செய்தார்கள், கீழ்வீட்டில் யார் யாரோடு பேச்சை விட்டார்கள், இதுதான் நம் பேச்சு. ஒன்றுக்கும் உதவாத பேச்சு. வாட்ச் வந்த பிறகு நீ கேட்கவேண்டியதே இல்லாமல் போய்விட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பேச ஆரம்பித்தாய். நேற்று தூக்கம் சரியில்லையே, இன்றைக்கு நடை குறைந்திருக்கிறதே. நானும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். மழை நாளில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், உனக்கு நல்ல கணக்குப் போகட்டும் என்று. ஒரு நாள் காலையில் உடம்பு லேசாக இருக்கிறதே என்று சந்தோஷமாக டீ போட்டுக்கொண்டிருந்தேன். உன் மெசேஜ் வந்தது, ஆழ்ந்த தூக்கம் ரொம்பக் கம்மி, இன்றைக்கு ரெஸ்ட் எடு என்று. அவ்வளவுதான், அந்த நிமிஷம் முதல் கை கால் வலி. குளிக்கப் போகவே அலுப்பாக இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு வழக்கம்போலக் காவடிக்குப் பின்னால் நடந்தேன். மேளச் சத்தத்தில் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வாட்ச் கையில் கிடந்து அதிர்ந்தது. முருகனைப் பார்க்கப் போனவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரக் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பு என்னிடம் சொல்வதை நான் நம்புவதை விட்டுவிட்டேன் தம்பி, அதுதான் நடந்தது.

பிறகு அந்த மேடு வந்தது. ஒரு நாள் நீ ஒரு படம் அனுப்பினாய். என் நாடியின் கோடு நாள் முழுக்கச் சமமாகப் போகிறது, ராத்திரி எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே எழும்புகிறது, அரைமணி நேரம் மேட்டிலேயே நிற்கிறது, பிறகு இறங்கிவிடுகிறது. தினமும் அப்படியே. நீ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாய். உன் பிடுங்கல் தாங்காமல் டாக்டரிடம் போனேன். இசிஜி எடுத்துப் பார்த்து, இந்த வயதுக்கு நல்ல இதயம் என்றார். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பேன் என்றேன். நீ விடவில்லை. சாயங்கால டீயை நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். மேடு போகவில்லை. சீரியல் பார்க்காதே என்றாய், அதையும் விட்டேன். போகவில்லை. கடைசியில் நீயே ஒரு முடிவுக்கு வந்தாய். "நான் வேற அந்த நேரத்துல கூப்பிட்டு உன்னப் பேச வச்சு டென்ஷன் பண்றேன். நீ ரெஸ்ட் எடும்மா. இனிமே மெசேஜ் போட்டுக்கிறேன்" என்றாய். சரி என்றேன். இரண்டு வாரத்தில் கோடு தரையோடு தரையாகிவிட்டது. நீ அந்தப் படத்தையும் அனுப்பி, பார்த்தாயா சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். நானும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கேம்பல் பே கல்யாணம். உன் சித்தி பெண்ணுக்கு. சித்தியின் மாமனார் பட்டாளத்துக்காரர், சர்க்கார் அந்தக் கடைக்கோடித் தீவில் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய குடும்பம் என்று உனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் எனக்குக் கப்பல்தான். வாழ்நாள் முழுக்கக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர் எமர்ஜென்சி என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பேன். பாதி நாள் ஏமாந்திருக்கிறேன், ஆனாலும் முகத்தைத்தான் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அவ்வளவு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவளுக்குக் கடல் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் காற்று வேறு. பங்க் கிளாஸில் மேல்தட்டில் இடம். கப்பல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரள, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாட்ச் கட்டிய கையால் ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டே கிடந்தேன். வயிற்றில் இருந்ததெல்லாம் பாலித்தீன் பைக்குள் வந்துவிட்டது. கழிவறைக்குக்கூட நடக்க முடியவில்லை. கார் நிக்கோபாரில் கப்பல் நின்றபோது கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தது. உன் மெசேஜ் வந்து விழுந்தது: சூப்பர்மா, இன்னைக்கு நீ நடந்த மாதிரி இதுவரைக்கும் நடந்ததே இல்ல. கூடவே கோப்பைப் படம் ஒன்று. நான் விசிறியதையும் கப்பல் ஆடியதையும் நடை என்று எண்ணியிருக்கிறது. எதிர்த்தட்டில் இருந்த பஞ்சாபிக்காரம்மாவிடம் காட்டினேன். இருவரும் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தலை தூக்க முடியவில்லை ராசா என்று சொல்லியிருப்பேன்.

கேம்பல் பேயில் இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது, நெட்டும் செல்போனும் படுத்துவிட்டன. அங்கே அது சகஜம். கல்யாண வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நானும் மறந்துவிட்டேன். தாலி கட்டி, பந்தியில் முதல் வரிசை உட்கார்ந்து, நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மழைக்கோட்டோடு ஒரு போலீஸ்காரர் பந்தலுக்குள் வந்தார். சமையல்காரரிலிருந்து சம்பந்தி வரைக்கும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் என் பேரைச் சொல்லி விசாரித்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆன்ட்டி, ஆப் டீக் ஹை நா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன், ஏன் என்றேன். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லும்படி போர்ட் பிளேரிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்ததாம், கொடுத்தது நீயாம். பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டுப்புடவையோடு ஜீப்பில் ஏறிப் போனேன். பெண்ணின் பெரியம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

ஸ்டேஷன் போனில் உன் குரல் வந்தது. நான் நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "மூணு நாளா கோடே இல்லம்மா" என்றாய். கோடு இல்லை என்றால் ஆள் இல்லையா என்று கேட்டேன். அந்தப் பக்கம் நீ அழுகிற சத்தம் கேட்டது. அப்பா போனபோது அழாதவன் ஒரு கோட்டுக்கு அழுதாய். சாப்பிட்டாயா என்றேன். தெரியவில்லை என்றாய். சாப்பிட்டதா இல்லையா என்று நினைத்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லாத குரல் அது.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை, உனக்கு முடியாமல் போய்விட்டது. காலையில் எழுந்து லேப்டாப்பைத் திறக்கக் கை வரவில்லை என்று சொன்னாய். பர்ன் அவுட் என்று டாக்டர் பேர் வைத்தார், ஆபீசில் லீவு கொடுத்தார்கள், நீ வீட்டுக்கு வந்தாய். பிள்ளை வருகிறான் என்று கூனி இறாலும் கொடுவா மீனும் வாங்கி வைத்தேன். வந்து இறங்கியவனைப் பார்த்தேன். ஒரு கையில் வாட்ச், இன்னொரு கை விரலில் தூக்கத்தை அளக்கிற கறுப்பு மோதிரம், கண்ணுக்குக் கீழே கருவளையம். முதல் நாள் காலையில், நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டேன். எல்லா அம்மாவும் கேட்கிற கேள்வி. நீ போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்றாய்.

நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய், எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தூங்கி எழுந்தவன் நீ. உன்னைத் தவிர அது யாருக்குத் தெரியும்? பார்த்துவிட்டு, நூற்றுக்கு நாற்பத்து ஒன்றுதான் என்று முகத்தைத் தொங்கப் போட்டாய். ராத்திரி படுக்கும்போதே நாளைக்கு எவ்வளவு வருமோ என்று பயந்துகொண்டு படுத்தாய். பயந்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? தூங்காததற்குக் காலையில் மறுபடி பயம். கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் மூன்று தடவை நின்று கையைப் பார்த்தாய். கொடுவாக் குழம்பைத் தட்டில் போட்டால் எத்தனை கிராம் என்று கேட்டாய். ஓய்வெடுக்க வந்தவன் ஓய்வையும் ஆபீஸ் வேலையாக மாற்றிக்கொண்டாய். அதிலும் ஃபெயில் ஆகிறேன் என்று வருத்தப்பட்டாய்.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது, ஞாபகம் இருக்கிறதா? எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதலில் போன் போனது, பிறகு வாட்ச், கடைசியில் மோதிரம். நீ கொஞ்ச நேரம் கூண்டுக்குள் விட்ட மாதிரி அலைந்தாய். பக்கத்தில் ஜெனரேட்டர் உள்ளவர்கள் யார் என்று கேட்டாய். பௌதி வந்து, "அரே, பைட் ஜா பாபு" என்று உன்னை அதட்டி உட்காரவைத்து, ஒரு தட்டு கிச்சடியை மடியில் வைத்தாள். கிராம் கேட்காமல் சாப்பிட்டாய். மத்தியானம் ஹாலில் வெறும் தரையில் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனாய். வாய் திறந்திருந்தது. வெளியே மழை கொட்டியது, நீ அசையவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு எழுந்து, "பசிக்குதும்மா" என்றாய். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா? மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினோம். நீ சிரித்தாய். என் பிள்ளை திரும்ப வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. நீ ஓடிப்போய் எல்லாவற்றையும் சார்ஜில் போட்டாய். போனில் அந்த இரண்டு நாளும் வெறுமையாக இருந்தன. "ரெண்டு நாள் போச்சும்மா. ஒண்ணுமே இல்ல" என்றாய். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். நீ வந்திருந்த நாட்களில் எனக்குக் கிடைத்ததே அந்த இரண்டு நாள்தான்.

நீ திரும்பிப் போய்விட்டாய். மறுபடி மெசேஜ்தான் வருகிறது. வாட்ச்சைத் தூக்கி எறி, மோதிரத்தைக் கடலில் போடு என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். உன் வயதுக்கு உனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் அதை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறோம் என்று உன்னையே கேட்டுப் பார். பதில் வர நாளாகும். எனக்கும் ஆகிறது. ஆனால் உன் மனதில் கிடக்கிற இன்னொன்றைப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அப்பா விஷயத்தில் எதையோ தவறவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொன்னாயே, "கடைசியா பேசினப்போ தண்ணி டேங்க் பத்தித்தான்மா பேசினேன். உடம்பப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல" என்று. அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். மாடி டேங்க் ஒழுகுகிறது என்று அப்பா உன்னிடம் புலம்பினார். போனை டேங்க்குக்குப் பக்கத்தில் பிடித்து, சொட்டுகிற சத்தம் கேட்கிறதா பார் என்றார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, வாஷர் போயிருக்கும் என்று நீ சொன்னாய். இவன் அங்கிருந்தே பிளம்பர் வேலை பார்க்கிறான் என்று இறங்கி வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று ராத்திரி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். மறுநாள் போகப்போகிறவருக்கு ஒரு மகன் கொடுக்கக்கூடியதை நீ கொடுத்துவிட்டாய் தம்பி. அதில் ஒரு குறையும் இல்லை. என்னிடமும் அப்படிப் பேசு என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக அந்த மேடு. அது எதனால் என்று டாக்டருக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. எனக்கு முதல் நாளே தெரியும். ஏழே முக்காலுக்கு அடுப்பை அணைப்பேன். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, போனைச் சார்ஜிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். எட்டு நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீ "அம்மா" என்றதும் இன்னும் கொஞ்சம் ஏறும். வைத்த பிறகு மெல்ல இறங்கும். சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று டாக்டரிடம் சொன்னது பொய் கிடையாது. வேலையாக இருக்கிற பிள்ளையிடம், உன் போனுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நீ வியாதி என்று நினைத்து அதைக் குணப்படுத்திவிட்டாய். கோடு இப்போது தரையோடு கிடக்கிறது.

எனக்கு அந்த மேடு திரும்ப வேண்டும். வாட்ச் கையில் இருக்காது, அதனால் உன் போனில் அது தெரியாது. ஆனாலும் எட்டு மணிக்குக் கூப்பிடு.

அம்மா